படத்துக் கரையில் நட்ட மண்வெட்டி

கில்லிஸ் வெர்ஹாக் என்ற வியாபாரியின் தோட்ட மாளிகையில், ஒரு சுவரையே அடைத்துத் தொங்கிய ஓவியத்தில், 1747ஆம் ஆண்டு மே மாதம் பதினொன்றாம் தேதி வியாழக்கிழமை முதல் தடவையாகப் புல் அறுத்தார்கள். நான்கு கூடை தேறியது. அந்த வருஷம் ஃபெக்ட் ஆற்றங்கரையில் வெண்ணெய் விலை ஏறியிருந்தது, விலாங்கு வரத்து குறைவு, செர்ரி நன்றாகக் காய்த்திருந்தது. இவற்றோடு சேர்த்து இதையும் ஊரார் ஞாபகம் வைத்துக்கொண்டார்கள். அறுத்த புல்லில் ஆளிவிதை எண்ணெய் வாடை அடித்ததால் மாடுகள் முகர்ந்து பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டன. ஆட்டுக்கு அந்த அலட்டல் எல்லாம் கிடையாது. களையெடுக்கும் ஃபெம்மாவின் வெள்ளாடு நான்கு கூடையையும் தின்று தீர்த்தது. மறுநாள் அது கொடுத்த பாலில் மெல்லிய மெருகு படர்ந்திருந்தது, முகம் பார்த்துத் தலை சீவலாம் போல. ருசியில் ஒரு குறையும் இல்லை.

புல்லை அறுத்தவளும் ஃபெம்மாதான். தலைமைத் தோட்டக்காரர் மறுத்துவிட்டார். தன் ஒப்பந்தத்தில் தோட்டத்தின் நீள அகலம் தெளிவாக எழுதியிருக்கிறது, அதில் சுவர் சேர்த்தியில்லை என்று ஒரே பிடியாக நின்றார். ஆகவே இருபத்திரண்டு வருஷமாக அந்த மண்ணில் மண்டியிட்டுக் களை பறித்துவந்தவளைக் கூப்பிட்டார்கள். அவள் மரச்செருப்பை வாசலில் கழற்றிவிட்டு, கம்பளத்தின் மேல் சாக்கை விரித்து, முக்காலியில் ஏறி, அரிவாளோடு கையை முழங்கைவரை படத்துக்குள் விட்டாள். உள்ளே கதகதப்பாக இருந்தது. வெளியே எந்த மாதமானாலும் எத்தனை மணியானாலும் படத்துக்குள் எப்போதும் ஜூன் மாதத்து மாலை ஐந்து மணிதான். ஓவியர் அந்த வெளிச்சத்தைத்தான் வரைந்திருந்தார். வாதம் பிடித்த அவள் மணிக்கட்டுக்கு அந்தச் சூடு இதமாக இருந்தது. அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் கூலியில் கழித்துக்கொள்வார்கள் என்று அவளுக்குத் தெரியும்.

வெர்ஹாக் நாகப்பட்டினத்துச் சீட்டித் துணியில் சம்பாதித்தவர். ஆம்ஸ்டர்டாமில் மூன்று கிடங்கு வைத்திருந்தார். ஐம்பது வயது நெருங்கியதும், அந்த ஊர்ப் பணக்காரர்கள் எல்லாரையும் போல, ஆற்றோரம் நிலம் வாங்கி, மாளிகை கட்டி, வாயிற்கதவில் 'கவலைக்கு அப்பால்' என்று பொன்னெழுத்தில் பெயர் எழுதினார். அந்தக் கரையில் எல்லா மாளிகைக்கும் இந்த மாதிரிப் பெயர்தான். கவலை மட்டும் அடுத்த படகைப் பிடித்துப் பின்னாலேயே வந்துவிடும். வெர்ஹாக்கின் கவலை மரங்கள். மாளிகை வாசலிலிருந்து ஆற்றுக் கரைமேடு வரை இரட்டை வரிசையாக லிண்டன் மரம் நட்டிருந்தார். அவை முட்டுக்கழியில் கட்டிய விளக்குமாற்றுக் குச்சிகளாக நின்றன. பக்கத்து மாளிகையிலோ மூன்று தலைமுறைக்கு முன் வைத்த மரங்கள் வானத்தை மறைத்தன. பணத்தைக் கொட்டி மரத்தை அவசரப்படுத்த முடியாது. ஓவியரை அவசரப்படுத்த முடியும். 1746ஆம் வருஷத்து வசந்தத்தில், வடக்கே ட்ரென்ட்டே பொட்டலிலிருந்து லுப்பர்ட் ஹோவிங் என்ற ஓவியரை வரவழைத்தார். தோட்டத்தை நாற்பது வருஷம் கழித்து இருக்கப்போகிற மாதிரி வரைய வேண்டும், தன்னையும் தன் மனைவி பெட்ரோனெல்லாவையும் மட்டும் இன்றைக்கு இருக்கிற மாதிரி வரைய வேண்டும் என்று உத்தரவு. கூடவே இன்னொன்றும் சொன்னார். மரவரிசை போய் முடிகிற இடத்தில், கண் போய் நிற்கிற இடத்தில், ஒரு குடிசை துருத்திக்கொண்டிருக்கிறது. அதை விட்டுவிட வேண்டும்.

அந்தக் குடிசை ஃபெம்மாவுடையது. நிலம் வெர்ஹாக்குக்குப் போய்விட்டது, வீட்டில் குடியிருக்கும் உரிமை மட்டும் வருஷாவருஷம் வாய்ச்சொல்லில் ஓடிக்கொண்டிருந்தது. அவள் அப்பா செங்கல் சூளையில் வேலை பார்த்தவர். வேகும்போது கோணிப்போன கற்களை யாரும் வாங்க மாட்டார்கள், எடுத்துக்கொண்டு போ என்று சூளைக்காரர்கள் சொல்லிவிட்டார்கள். கைக்கு ஒன்றாக நாளைக்கு இரண்டு கல், பதினோரு வருஷம் சுமந்து அவர் கட்டிய வீடு அது. ஒரு கல்லாவது நேராக இல்லை. காற்றடித்தால் வீடு மெல்லத் தலையாட்டும், ஆனால் விழாது. ஃபெம்மா அங்கே பிறந்தாள், அங்கேயே விலாங்கு பிடிக்கும் யோரிஸைக் கட்டிக்கொண்டாள், பிறந்து தங்காத இரண்டு குழந்தைகளை அந்த வீட்டிலிருந்துதான் கல்லறைக்கு அனுப்பினாள். அவளுக்கு அந்த வீட்டின் மேல் இருந்தது வெறும் ஆசை இல்லை, உயிர்.

ஓவியர் பதினோரு வாரம் தங்கினார். வேலைக்காரர்களோடு உட்கார்ந்து மோர்க்கஞ்சி குடித்தார், நல்ல மனிதர். வேலை முடியும் தறுவாயில் படத்தின் இடது மூலை அவருக்குக் காலியாகத் தெரிந்தது. நிமிர்ந்து நிற்க ஏதாவது வேண்டும் என்று தேடினார். தோட்டத்தில் கிடந்த நெட்டைக் காம்பு மண்வெட்டி ஒன்று, காலால் மிதித்து இறக்கும் வகை, கண்ணில் பட்டது. படத்தில் கரைமேட்டின் உச்சியில் அதைச் செங்குத்தாக நட்டு வரைந்தார். ஜன்னலுக்கு வெளியே களை பறித்துக்கொண்டிருந்த ஃபெம்மா எழுந்து வந்து எட்டிப் பார்த்தாள்.

"ஐயா, மண்வெட்டிய அங்க குத்தாதீங்க."

"ஏம்மா, நிறம் பிடிக்கலையா?"

"நிறம் நல்லாத்தான் இருக்கு. ஆனா கரை மேல நிக்குது பாருங்க. தன் பங்குக் கரைய மராமத்து பாக்க முடியாதவன்தான் அப்படிக் குத்துவான். குத்திட்டு உடுத்த துணியோட போயிடணும். கரைக்குப் பின்னாடி இருக்கற நெலம், வீடு, அடுப்புல இருக்கற சட்டி வரைக்கும் விட்டுட்டான்னு அர்த்தம். அந்த மண்வெட்டிய எவன் புடுங்கறானோ நெலம் அவனுக்கு. கரையும் அவன் தலையில."

"எங்க ஊர்ல கரையே கெடையாதும்மா. மண்வெட்டிய மண்ணுலதான் குத்துவோம். வேற எங்க குத்தறது, கஞ்சியிலயா?"

"உங்க ஊர்ல தண்ணி கால்கீழ ஓடுது. இங்க தலைக்கு மேல ஓடுது."

ஓவியர் சிரித்துவிட்டு வர்ணத்தைக் குழைத்தார். தலைமைத் தோட்டக்காரரும் இதே சங்கதியை எசமானிடம் போட்டுவைத்தார். வெர்ஹாக்குக்கு அது ஏறவில்லை. அவர் வாழ்நாளில் ஒரு கரை மேலும் ஏறி நின்றதில்லை. ஆற்றுக் கரைகளைக் கண்காணிக்கும் கரைச் சபை பார்வையிட வரும்போதெல்லாம் அவருக்குப் பதில் மேற்பார்வையாளன்தான் போய் நிற்பான். அந்த மண்வெட்டி இல்லாவிட்டால் இடது பக்கம் மொட்டையாக இருக்கும் என்று சொல்லி ஓவியருக்கு ஒரு புட்டி ஒயினும் கொடுத்தார்.

படத்தை மாட்டிய குளிர்காலத்தில் ஒன்றும் நடக்கவில்லை. வசந்தம் வந்ததும் மேலே சொன்னபடி புல் வளர்ந்தது, அதன் பின்னால் வேலி வளர்ந்தது, பீச் பழுத்தது. ஓவியர் வண்ணத்தில் ஆற்று வண்டலைக் கலந்துவிட்டார் என்று சிலர் சொன்னார்கள். உபதேசியார் இரண்டு ஞாயிறு யோசித்துவிட்டு, வேதத்தில் இதைத் தடை செய்து எதுவும் எழுதியிருக்கவில்லை என்றார். ஆம்ஸ்டர்டாமிலிருந்து குதிரை இழுக்கும் படகில் ஆள் ஆளாய் வந்து பார்த்தார்கள். வந்தவர்கள் எல்லாரும் விரலை நீட்டி உள்ளே விடப் பார்ப்பார்கள். விரல் ஓவியச் சீலையில் முட்டி நிற்கும். வெர்ஹாக்கே எத்தனையோ தடவை முட்டிப் பார்த்தார். வேலையாக வந்த கைக்கு அந்தப் படம் வழிவிட்டது, வேடிக்கையாக வந்த கைக்கு விடவில்லை, அவ்வளவுதான். இரண்டாம் கோடையில் புல் உள்ளே தள்ளி வளர்ந்தபோது ஃபெம்மா ஒரு காலைத் தூக்கி வைத்து உள்ளேயே போய்விட்டாள். மரவரிசையின் நிழலில் நடந்து போய் அது முடிகிற இடத்தைப் பார்த்தாள். அங்கே வெறும் புல்வெளி. தன் வீடு இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுமில்லை. கொஞ்ச நேரம் அந்தப் புல்லில் உட்கார்ந்திருந்துவிட்டு, அந்த இடத்தை மட்டும் அறுக்காமல் திரும்பி வந்தாள்.

விருந்தாளிகள் சுவரைப் பார்த்துப் புகழ்ந்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்புவார்கள். அங்கே குச்சி குச்சியாய் மரங்கள், கோடியில் ஒரு கோணல் வீடு, அதன் மேல் விலாங்கு சுடுகிற புகை. "படத்துல இந்தக் குடிசையக் காணோமே வெர்ஹாக்?" என்று ஒரு சர்க்கரை வியாபாரி கேட்டது அவரைச் சுட்டது. 1748ஆம் வருஷம் நவம்பரில், புனித மார்ட்டின் நாளன்று ஃபெம்மாவைக் கூப்பிட்டு அனுப்பினார். அவர் கொடியவர் இல்லை. காப்பி கொடுத்துத்தான் சொன்னார்.

"மே ஒண்ணாந்தேதிக்குள்ள காலி பண்ணிடு, ஃபெம்மா. சூளைப் பக்கம் உனக்கு ஒரு அறை பாத்துத் தரச் சொல்லியிருக்கேன்."

"எதுக்குங்க ஐயா? அந்த வீடு யாருக்கு என்ன கெடுதல் செஞ்சுது?"

"படத்துல உன் வீடு இல்லையே. படத்துல என்ன இருக்கோ அதான் தோட்டத்துல இருக்கணும்."

"படத்துல கரை மேல மண்வெட்டி இருக்குங்களே ஐயா."

"ஆமா, நல்லா இருக்குல்ல?" என்றார் வெர்ஹாக், உண்மையான சந்தோஷத்தோடு.

அதே கையோடு அவள் இன்னொன்றையும் சொல்லிப் பார்த்தாள். படத்தில் எல்லாம் பெருகுவது போல அகழெலியும் பெருகிவிட்டது, கரைமேட்டில் வளை விழுந்திருக்கிறது, களிமண் வைத்து அடைக்காவிட்டால் ஆபத்து. களை பறிக்கத்தான் உன்னை வைத்திருக்கிறேன், ஓவியத்தைத் தோண்டிக் கெடுத்துவிடாதே என்றார் அவர். அவள் வீட்டுக்குப் போய் யோரிஸிடம் சொன்னபோது அவன் விலாங்குக் கூடைக்கு மிலாற்றுக் குச்சி பின்னிக்கொண்டிருந்தான்.

"எலி அவரவிடப் பரவால்ல," என்றான். "அதுக்கு வீடு எதுன்னு தெரியும்."

1749 பிப்ரவரியில் படத்து ஆறு ஏறியது. முதலில் சுவரோரம் கம்பளம் ஈரமானது. பெட்ரோனெல்லா அம்மாள் வேலைக்காரியைத் திட்டினாள், பிறகு நாயைத் திட்டினாள், பிறகு குனிந்து பார்த்தாள். படத்துக் கரையின் அடியில் விரல் தண்டிக்கு நீர் கசிந்து, படச்சட்டத்தின் மேலாக வழிந்து, பளிங்குத் தரையில் ஓடிக்கொண்டிருந்தது. மார்ச்சில் அது மணிக்கட்டுத் தண்டியானது. வாளி வைத்தார்கள், பீப்பாய் வைத்தார்கள். ஓவியரை வரவழைத்தார்கள், அவர் நீர் வடியும் இடத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, இது தூரிகைக்கான வேலை இல்லை, மண் வேலை என்று சொல்லி அடுத்த படகில் ஏறிவிட்டார். அந்தக் கரை முழுதாக உடைந்தால் மாளிகை முழுகும், மாளிகைக்குப் பின்னால் தாழ்வில் இருக்கிற ஊரும் முழுகும் என்று தெரிந்ததும், ஊரார் வேடிக்கை பார்ப்பதை நிறுத்திக்கொண்டு கரைச் சபைக்குச் சொல்லி அனுப்பினார்கள்.

சபையார் ஏப்ரல் ஒன்பதாம் தேதி, வழக்கமான வசந்தகாலப் பார்வைக்கு வந்தார்கள். தலைவர் ஏவர்ட் ரோஸ்காம் எழுபது வயதுக்காரர், தண்ணீரைத் தவிர எதையும் கண்டு ஆச்சரியப்படாதவர். ஒவ்வொரு பங்குக் கரையிலும் ஏறி நின்று, 'யார் கரை?' என்று கேட்பார். உடையவன் எதிரே வந்து, 'என் கரை' என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சொன்னவன் குறையைக் கெடுவுக்குள் சரிசெய்ய வேண்டும். செய்யாவிட்டால் சபை முழுதும் அவன் வீட்டிலேயே இறங்கி, கரை சரியாகும்வரை அவன் செலவில் தின்று குடித்துக்கொண்டு கிடக்கும். ஞாயிறன்று தேவாலயத்தில் அவன் பெயரைக் கரை பேணாதவன் என்று உரக்க வாசிப்பார்கள். ரோஸ்காம் தோட்ட அறைக்குள் நுழைந்தார். மிதியடியில் பூட்ஸைத் துடைத்துக்கொண்டார், அது வீண் வேலை, உள்ளே கணுக்கால் தண்ணீர். சுவரை மேலும் கீழும் பார்த்தார். அவர் வேலையாக வந்தவர் என்பதால் கை தங்குதடையில்லாமல் உள்ளே போயிற்று. களிமண்ணை ஒரு பிடி எடுத்து உருட்டிப் பார்த்தார்.

"யார் கரை?" என்றார்.

வெர்ஹாக் விருந்தாளிகளையும் சபையாரையும் வாசலில் கூடியிருந்த ஊரையும் பார்த்தார். தேவாலயத்தில் தன் பெயர் வாசிக்கப்படுவதை ஒரு கணம் நினைத்துப் பார்த்தார்.

"என் கரை இல்லீங்க தலைவரே. இது வெறும் வர்ணம்."

"வர்ணம்னா என் பூட்ஸுக்குள்ள எப்படித் தண்ணி வந்துச்சு?"

"அது எனக்குத் தெரியாதுங்க. ஆனா வரைஞ்ச கரைக்கு மராமத்துக் கடமை எங்கயும் எழுதலை. என் கரை வெளிய இருக்கு, அது நல்லா இருக்கு."

வழக்கப்படி ரோஸ்காம் மூன்று தடவை கேட்டார். வெர்ஹாக் மூன்று தடவையும் தன்னுடையதில்லை என்றார். மூன்றாம் தடவை சொல்லும்போது தன் சாமர்த்தியத்தில் அவருக்கே லேசாகச் சிரிப்பு வந்தது. தலைவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு இடது மூலையைப் பார்த்தார். கரையின் உச்சியில் மண்வெட்டி நின்றது, மூன்று வருஷ வெயிலில் காம்பு கொஞ்சம் வெளுத்திருந்தது.

"அப்ப சரியாத்தான் இருக்கு. உடையவர் விட்டுட்டார், மண்வெட்டியும் குத்தியாச்சு. யார் புடுங்கறீங்க?"

கரையை எடுப்பது விளையாட்டில்லை. பதினான்கு நாளில் உடைப்பை அடைக்க வேண்டும். அடைக்க முடியாமல் போனால் எடுத்தவனுடைய ஆடு, சட்டி, படுக்கை எல்லாம் சபைக்கு. ஊர் முழுகினால் அந்தப் பழியும் அவனுக்கு. அதற்குப் பிறகும் சாகிறவரை கரை அவன் கழுத்தில்தான். ஃபெம்மா வாசலில் நின்றாள். யோரிஸ் அவள் முகத்தைப் பார்த்ததுமே புரிந்துகொண்டான்.

"இந்தா, யோசிச்சுக்கோ," என்றான் மெதுவாக. "நாம கரைய எடுத்தா கரை நம்மள எடுத்துக்கும்."

"மே மாசத்துக்கு அப்புறம் நம்மகிட்ட எடுக்கறதுக்கு என்ன இருக்கு, சொல்லு."

"ஒரு ஆடு இருக்கு."

"அதுக்கு அந்தப் புல்லு பிடிக்கும்."

அவள் மரச்செருப்பைக் கழற்றினாள். தண்ணீரில் நடந்து போய், முக்காலி இல்லாமலே, சட்டத்தைத் தாண்டி ஏறினாள். அறையிலிருந்தவர்கள் அவள் கரைச்சரிவில் குனிந்து குனிந்து ஏறுவதையும், உச்சியில் நின்று இரண்டு கையாலும் காம்பைப் பிடிப்பதையும் பார்த்தார்கள். மண்வெட்டி சுலபத்தில் வரவில்லை. மூன்றாவது இழுப்பில் ஈரக் களிமண்ணோடு பிடுங்கிக்கொண்டு வந்தது, அவள் பின்னால் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். வெர்ஹாக் கைதட்டினார். "எடுத்துக்கோ ஃபெம்மா, எல்லாம் உனக்குத்தான்," என்றார் தாராளமாக. எழுத்தர் அந்தச் சொல்லையும் தேதி போட்டு எழுதிக்கொண்டார்.

தாராளம் எவ்வளவு தூரம் போகும் என்று அவருக்கு மறுநாள் காலை ஆறு மணிக்குத் தெரிந்தது. கரை உள்ளவனுக்குக் கரைக்குப் போக வழி விட வேண்டும், அது எந்தச் சட்டத்தையும் விடப் பழைய சட்டம். படத்துக்குப் போகிற ஒரே வழி தோட்ட அறை. விடிந்ததிலிருந்து பொழுது அடையும்வரை கதவு திறந்திருக்க வேண்டும் என்று சபை எழுதிக் கொடுத்துவிட்டது. ஃபெம்மாவும் யோரிஸும் மிலாற்றுக் கட்டுகளைச் சுமந்து, களிமண் கூடைகளை இழுத்து, கம்பளத்தின் மேலாகவே போய் வந்தார்கள். வேலை கடுமை. முதல் வாரம் அவர்கள் வைத்ததையெல்லாம் தண்ணீர் தள்ளிக்கொண்டு போயிற்று. ஐந்தாம் நாள் ஃபெம்மா கரையடியில் உட்கார்ந்து அழுதாள். ஆட்டை நினைத்து அழுதாள், ஊரை நினைத்து அழுதாள், கையை வைத்துக்கொண்டு சும்மா இல்லாமல் போன தன்னை நினைத்து அழுதாள். பிறகு மூக்கைச் சிந்திவிட்டு எழுந்தாள். உள்ளே எப்போதும் மாலை ஐந்து மணி என்பதால் எப்போது நிறுத்துவது என்று தெரியாது. அதுவே அவர்களைக் காப்பாற்றியது, இருட்டு வந்து கையைப் பிடிக்கவில்லை. பெட்ரோனெல்லா அம்மாள் சூப் ஆறிப்போகிறது என்று சட்டத்தில் கரண்டியால் தட்டிக் கூப்பிடுவாள். ஒன்பதாம் நாள் அவள் பொறுக்க முடியாமல் ஒரு கூடை களிமண்ணைத் தானே தூக்கினாள். படம் அவளுக்கும் வழிவிட்டது. தன்னை நீல உடையில் வரைந்திருந்த உருவத்தின் பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு, இடுப்பு இவ்வளவு மெலிவாக எந்தக் காலத்திலும் இருந்ததில்லை என்று சொல்லிவிட்டு வேலையைத் தொடர்ந்தாள். பன்னிரண்டாம் நாள் கசிவு நின்றது.

மே ஒன்றாம் தேதி வெர்ஹாக்கின் ஆட்கள் கடப்பாரையோடு கோணல் வீட்டுக்குப் போனார்கள். அங்கே வேலை பாதி முடிந்திருந்தது. ஃபெம்மா விடியற்காலையிலேயே கூரையைப் பிரித்து அடுக்கிவிட்டிருந்தாள். சூளைக்காரர்கள், படகுக்காரர்கள், ஊரில் நனையாமல் தப்பிய குடும்பங்கள் எல்லாரும் வரிசையாக நின்றார்கள். வீட்டிலிருந்து மரவரிசை வழியாக, மாளிகைப் படியேறி, தோட்ட அறைக்குள், சட்டத்தைத் தாண்டி, படத்துக்குள் மரவரிசை முடிகிற இடம் வரை அந்த வரிசை போயிற்று. கோணிப்போன செங்கல் ஒவ்வொன்றும் கை மாறிக் கை மாறி உள்ளே போனது. கடப்பாரையோடு வந்தவர்களும் என்ன செய்வதென்று தெரியாமல் வரிசையில் நின்றுகொண்டார்கள். வெர்ஹாக் தேநீர்க் கோப்பையோடு வெளியே போய், வீடு இருந்த இடம் வெட்டவெளியாகிவிட்டதைப் பார்த்தார். இப்போது வாசலிலிருந்து ஆறுவரை கண் எதிலும் தட்டாமல் ஓடியது. முழுத் திருப்தியோடு உள்ளே திரும்பி வந்து சுவரைப் பார்த்தார்.

அங்கே நாற்பது வருஷம் வளர்ந்த லிண்டன் மரங்களின் நடுவே, கண் போய் நிற்கிற அந்த இடத்தில், கோணல் வீடு நின்றது. கூரை போட்டுக்கொண்டிருந்தார்கள். ஃபெம்மா அடுப்புப் பற்றவைத்திருந்தாள். புகை மெல்ல வெளியே வந்து அறையின் விதானத்துத் தேவதைகளைச் சுற்றியது.

"ஃபெம்மா," என்று கூப்பிட்டார் அவர். "அந்த வீட்டக் கொஞ்சம் தள்ளிக் கட்டக் கூடாதா? வலது பக்கமா?"

அவள் சட்டத்தருகே வந்து இடுப்புத் துணியில் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"எங்கப்பா இங்கதாங்க ஐயா கட்டினாரு," என்றாள்.

வெர்ஹாக் வழக்குப் போட யோசித்தார். வக்கீல்கள் இரண்டு பேர் வந்து, அவர் மூன்று தடவை சொன்ன சொல்லை எழுத்தர் புத்தகத்தில் வாசித்துவிட்டு, மத்தியானச் சாப்பாடு மட்டும் சாப்பிட்டுப் போனார்கள். படத்தில் அவருடைய உருவம் ஒரு கையை நீட்டி மரவரிசையைக் காட்டியபடி நின்றிருந்தது. ஃபெம்மா அதன் மணிக்கட்டுக்கும் முதல் லிண்டன் மரத்துக்கும் கயிறு கட்டித் துணி காயப் போட்டாள். திங்கட்கிழமைகளில் வந்த விருந்தாளிகள் யோரிஸின் உள்ளாடைகளைப் பார்த்துக்கொண்டே தேநீர் குடித்தார்கள். ஒரு வருஷத்தில் அவர்களுக்கு அது பழகிவிட்டது, இரண்டு வருஷத்தில் அதைப் பார்க்கவே வந்தார்கள். சர்க்கரை வியாபாரி, குடிசைதான் படத்துக்கு உயிர் என்று சொன்னார். வெர்ஹாக் அவரோடு ஐந்து வருஷம் பேசவில்லை.

வெளியே மரங்கள் தம் போக்கில் விரலளவு விரலளவாக வளர்ந்தன. வெர்ஹாக்குக்கு எழுபத்திரண்டு வயதானபோது அவை இன்னும் அவர் நினைத்த பாதி உயரத்துக்குக்கூட வரவில்லை. அந்த வருஷத்து இலையுதிர் காலத்தில் ஒரு நாள் அவர் சட்டத்துக்கு முன்னால் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே கிணற்றிலிருந்து தண்ணீர் வாளியோடு திரும்பிவந்த ஃபெம்மா நின்றாள்.

"என்னங்க ஐயா?"

"அந்த மரத்துக்குக் கீழ ஒரு தடவ உக்காந்து பாக்கணும் போல இருக்கு. எனக்குத்தான் வழிவிட மாட்டேங்குதே."

"வழி விடும். இந்தாங்க, இந்த வாளியத் தூக்கிட்டு வாங்க."

அவர் வாளியை வாங்கினார். வாழ்நாளில் முதல் தடவையாகத் தண்ணீர் சுமந்து, பாதியைத் தன் காலுறையிலேயே ஊற்றிக்கொண்டு, சட்டத்தைத் தாண்டினார். படம் தடுக்கவில்லை. ஜூன் மாத வெயிலில் லிண்டன் பூ மணத்தது. அவர் தன் உருவத்தின் பக்கத்தில் புல்லில் உட்கார்ந்து அண்ணாந்து பார்த்துச் சின்னப் பிள்ளை போலத் தேம்பினார். ஃபெம்மா அவருக்குக் கறுப்பு ரொட்டியும் சுட்ட விலாங்கும் கொடுத்தாள். அதற்குப் பிறகு அவர் உயிரோடிருந்த மூன்று வருஷமும் தினம் காலையில் ஒரு வாளி தண்ணீர் சுமந்து உள்ளே போனார். தண்ணீரைக் குறைவாகச் சிந்தக் கற்றுக்கொண்டதாகப் பெட்ரோனெல்லா அம்மாள் சொல்வாள்.

மாளிகை அதன் பின் நான்கு தடவை கைமாறிவிட்டது. ஒவ்வொரு விற்பனைப் பத்திரத்திலும், தோட்ட அறையின் வடக்குச் சுவர் விற்பனையில் சேராது, அதற்குப் போகும் வழி திறந்தே இருக்க வேண்டும் என்று ஒரு வரி வரும். வாங்குகிறவர்கள் முகத்தைச் சுளிப்பார்கள், கையெழுத்துப் போடுவார்கள். ஃபெம்மாவும் யோரிஸும் இறந்ததாகத் தேவாலயப் புத்தகத்தில் பதிவு இல்லை. யாரும் வந்து சொல்லவில்லை, யாரும் கேட்கவுமில்லை. வெளியே லிண்டன் மரங்கள் ஓவியர் வரைந்த உயரத்தை எட்டி, அதையும் தாண்டிப் போய்விட்டன.

கரைச் சபை ஒவ்வொரு ஏப்ரலிலும் வருகிறது. ரோஸ்காமுக்குப் பின் எட்டுத் தலைவர்கள் மாறிவிட்டார்கள். ஆற்றோரத்துப் பங்குகளையெல்லாம் பார்த்து முடித்துவிட்டு, கடைசியாக மாளிகைப் படியேறி, மிதியடியில் பூட்ஸைத் துடைத்துக்கொண்டு, தோட்ட அறைக்குள் போகிறார்கள். தரை காய்ந்திருக்கிறது. தலைவர் சட்டத்தைத் தாண்டிக் கரைமேல் ஏறி, களிமண்ணை ஒரு பிடி எடுத்து உருட்டிப் பார்த்துவிட்டு, யார் கரை என்று கேட்கிறார். துணிக் கயிற்றுக்குப் பின்னாலிருந்து, வாயில் துணி மாட்டும் கவ்வியை வைத்துக்கொண்டே ஒருத்தி, "என் கரை," என்கிறாள். எழுத்தர் நல்ல நிலையில் இருப்பதாக எழுதிக்கொள்கிறார். காப்பி குடித்துவிட்டுப் போகச் சொல்கிறாள்; நேரமிருந்தால் குடித்துவிட்டுப் போகிறார்கள்.